பெரிய பிரிண்ட் போடப் போகிறீர்களா? கடைக்குக் கிளம்பும் முன் செய்ய வேண்டியவை

அப்பா அம்மாவுக்குத் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் நடந்தது. சடங்கெல்லாம் முடிந்து, மண்டபத்து வாசலில் இருபத்தெட்டுப் பேர் இரண்டு வரிசையாக நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டோம். எடுத்தவன் சித்தப்பா மகன், 24 மெகாபிக்சல் கேமராவில். அதை ஹாலில் பெரிதாக மாட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை. குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் வந்திருந்த படத்தை அப்படியே ஒரு கலர் லேபுக்கு ஃபார்வர்டு செய்தேன். அவர்களிடம் 20×24 ஃபிரேம் ரெடியாக இருந்தது. ‘அதுலயே போட்டுடுங்க’ என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் கைக்கு வந்ததில் முகங்களெல்லாம் மெழுகு பூசினாற்போல் இருந்தன. அம்மாவின் அரக்குப் பட்டு காப்பித்தூள் நிறத்துக்கு மாறியிருந்தது. இடது ஓரத்தில் நின்ற பெரியப்பா பாதிதான் இருந்தார். அவரே ஒரு நாள் வீட்டுக்கு வந்தார், படத்தைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் காப்பியைக் குடித்துவிட்டுப் போனார். நான் கடைக்குச் சண்டைக்குப் போனேன். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த தம்பி என் மெசேஜைத் திறந்து காட்டினார். ‘அண்ணே, நீங்க அனுப்புன ஃபைலே 1600 பிக்சல்தான். நான் என்ன பண்ண?’

பிரிண்டும் ஃபிரேமுமாக 1,800 ரூபாய் போனது. அதற்குப் பிறகு இரண்டு மாதம் கேட்டும் படித்தும், துண்டு துண்டாகப் பிரிண்ட் போட்டுப் பார்த்தும் ஒரு வழிக்கு வந்தேன். பெரிய பிரிண்ட் கெடுவது பெரும்பாலும் மெஷினில் நடப்பதில்லை, ஃபைல் கடைக்குப் போய்ச் சேருவதற்கு முன்பே கெட்டுவிடுகிறது. அந்த வரிசையில்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

1. சுவரை அளந்து சைஸை முடிவு செய்யுங்கள்

படத்தைத் திருத்த உட்காரும் முன் டேப் எடுத்துச் சுவரை அளங்கள். பழைய செய்தித்தாளை 24×36 இன்ச்சுக்கு ஒட்டிச் சுவரில் இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். பெரிதாகத் தெரிகிறதா, சோபாவுக்கு மேல் இடிக்கிறதா என்று வீட்டில் எல்லோரும் கருத்து சொல்லிவிடுவார்கள்.

சைஸோடு விகிதத்தையும் பார்க்க வேண்டும். பெரும்பாலான கேமராக்களின் படம் 3:2 விகிதம், போன் படம் 4:3. கடையில் கிடைக்கும் சைஸ்களில் 8×12, 12×18, 16×24, 20×30, 24×36 எல்லாம் 3:2. 12×16, 18×24 போன்றவை 4:3. 8×10, 12×15, 16×20 எல்லாம் 5:4. நான் மாட்டிக்கொண்ட 20×24 என்பது 6:5, கிட்டத்தட்ட சதுரம். 6000×4000 பிக்சல் படத்தை அதற்குள் அடைத்தால் அகலத்தில் 1200 பிக்சல் வெட்டுப்படும். பக்கத்துக்கு 600. பெரியப்பா போனது அங்கேதான்.

ஆகவே படத்தின் விகிதத்துக்கு ஏற்ற சைஸை முதலில் தேர்ந்தெடுங்கள், ஃபிரேமை அதற்குச் செய்யச் சொல்லுங்கள். ரெடிமேட் ஃபிரேம் மலிவு என்று அதற்குப் படத்தை வெட்டாதீர்கள்.

2. கடைக்கு ஒரு முறை வெறுங்கையோடு போய்விட்டு வாருங்கள்

எல்லாக் கடையிலும் எல்லா மெஷினும் இருக்காது. சாதாரண கலர் லேபில் இருக்கும் மினிலேப் மெஷின், போட்டோ பேப்பரில் லேசர் ஒளியால் படத்தைப் பதித்து, கெமிக்கலில் கழுவி எடுப்பது. பேப்பரின் அகலம் பொதுவாக 12 இன்ச்தான் என்பதால் 12×18 வரை அங்கேயே கிடைத்துவிடும். அதற்கு மேல் என்றால் பெரும்பாலும் 24 அல்லது 44 இன்ச் ரோல் ஓடும் பெரிய இங்க்ஜெட் மெஷின் வேண்டும். உள்ளூர்க் கடை ஆர்டரை வாங்கி வேறு ஊர் லேபுக்கு அனுப்பிவைப்பதும் உண்டு. அது தவறில்லை, ஆனால் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. ‘24×36 தானே, நம்ம மெஷின்லயே போட்டுடலாம்’ என்று சில இடங்களில் ஃப்ளெக்ஸ், வினைல் அடிக்கும் மெஷினிலேயே போட்டுக் கொடுத்துவிடுவார்கள். மண்டப வாசல் பேனருக்கு அது சரி, பத்தடி தள்ளி நின்று பார்க்கிறோம். ஹால் சுவரில் மாட்டினால் கிட்டே போனதும் புள்ளி புள்ளியாகத் தெரியும்.

கடையில் கேட்க வேண்டிய கேள்விகள்: எந்த மெஷின், எந்தப் பேப்பர்? பிரிண்ட் இங்கேயே போடுவதா, வெளியே போகிறதா? ஃபைலை ஜேபெக்காகத் தர வேண்டுமா, டிஃப் (சேமிக்கும்போது விவரம் உதிராத ஃபைல் வகை) வாங்குவார்களா? நிறவெளி, அதாவது ஃபைலில் அடங்கும் நிறங்களின் எல்லை, ‘எஸ்ஆர்ஜிபி’யா, ‘அடோபி ஆர்ஜிபி’யா? அந்தப் பேப்பருக்கு ஐசிசி ப்ரொஃபைல் (அந்த மெஷினிலும் பேப்பரிலும் நிறம் எப்படி வரும் என்று சொல்லும் ஃபைல்) தருவார்களா? டெஸ்ட் பிரிண்ட் போட்டுக் கொடுப்பார்களா? கடைசி இரண்டுக்கும் முகம் சுளிக்காமல் பதில் சொல்கிற கடையைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஐசிசி என்றால் என்னவென்று தெரியாத கடையில்கூட நல்ல பிரிண்ட் வரலாம். டெஸ்ட் போட மாட்டேன் என்கிற கடை வேண்டாம்.

3. ஒரிஜினல் ஃபைலைத் தேடி எடுங்கள்

எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான், அலட்சியமாக விடுவதும் இதைத்தான்.

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் நீளப் பக்கம் 1600 பிக்சல் அளவுக்குச் சுருங்கிவிடும். ஹெச்டி என்று தேர்ந்தெடுத்தால் கூடும், அதுவும் ஒரிஜினல் இல்லை. எங்கள் படத்தில் ஒரு முகத்தின் அகலம் கேமரா ஃபைலில் 200 பிக்சல் சொச்சம் இருந்தது. வாட்ஸ்அப் படத்தில் அதே முகம் 50 பிக்சல். கண், மூக்கு, வாய், மீசை, நெற்றியில் விபூதி எல்லாம் அந்த ஐம்பதுக்குள் அடங்க வேண்டும் என்றால் மெழுகு பொம்மையாகத்தான் வரும். அதற்கு மேல் எந்த சாஃப்ட்வேராலும் ஒன்றும் செய்ய முடியாது.

எடுத்தவரிடம் சொல்லி, வாட்ஸ்அப்பிலேயே ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள், சுருங்காமல் வரும். கூகுள் டிரைவ் லிங்க் அதைவிட நிம்மதி. இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக்கிலிருந்து இறக்கிய படம், போனில் ஸ்கிரீன்ஷாட் எடுத்த படம் எதுவும் ஆகாது. கூகுள் போட்டோஸில் ‘ஸ்டோரேஜ் சேவர்’ போட்டிருந்தால் 16 மெகாபிக்சலுக்கு மேற்பட்ட படங்கள் 16-க்குச் சுருக்கப்பட்டிருக்கும். பெரிய கேமரா படத்தை அங்கிருந்து எடுக்க வேண்டாம், மெமரி கார்டிலோ ஹார்ட் டிஸ்கிலோ தேடுங்கள்.

கல்யாண வீடியோ, போட்டோ எடுப்பவரிடம் ஆர்டர் கொடுத்திருந்தால் இன்னொரு பொறி. ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுக்க அவர் முதலில் தருவது சுருக்கிய படங்கள். பல வீடுகளில் அந்த பென்டிரைவ்தான் பீரோவில் இருக்கும். ‘ஃபுல் சைஸ் ஜேபெக் வேணும், முடிஞ்சா ராவ் ஃபைலும்’ என்று தெளிவாகக் கேளுங்கள். ராவ் என்பது கேமரா பதிந்த, திருத்தாத மூல ஃபைல். அதை எல்லோரும் தர மாட்டார்கள், சிலர் தனியாகக் காசு கேட்பார்கள். ஒரு படத்துக்கு மட்டும் என்றால் மனம் இறங்குவார்கள். இதை நிகழ்ச்சி முடிந்த சில வாரத்துக்குள் கேட்டுவிடுங்கள். வருடம் கழித்துப் போனால் டிஸ்க் அழித்திருப்பார்கள்.

ஃபைல் வந்ததும் ப்ராப்பர்ட்டீஸ் திறந்து அகலம், உயரம் எத்தனை பிக்சல் என்று பார்த்து ஒரு தாளில் எழுதுங்கள். அடுத்த கணக்குக்கு அது வேண்டும்.

4. பிக்சல் கணக்கு

படத்தின் நீளப் பக்கப் பிக்சலைப் பிரிண்டின் நீளத்தால், இன்ச்சில், வகுத்துப் பாருங்கள். வருகிற எண்தான் ஒரு இன்ச்சுக்கு எத்தனை பிக்சல் என்பது. கடையில் இதை டிபிஐ என்பார்கள்.

6000×4000 படம் 12×18-ல் 333 வரும், 20×30-ல் 200, 24×36-ல் 166. போனின் 12 மெகாபிக்சல் படம் 4032×3024. அதை 24×36 போட்டால் 112தான். என் வாட்ஸ்அப் படம் 20×24-ல் ஓரம் வெட்டுப்பட்டு அகலத்தில் 1280 பிக்சல்தான் மிஞ்சியது, அதனால் 53.

300 வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். கையில் வைத்துப் பார்க்கும் ஆல்பத்துக்கு அது சரி. சுவரில் மாட்டுவதற்கு அவ்வளவு தேவையில்லை. நல்ல கண் பார்வை உள்ளவருக்கு, பார்க்கும் தூரத்தை இன்ச்சில் எடுத்து 3438-ஐ அதால் வகுத்தால் தேவையான எண் கிடைக்கும். ஒரு அடியில் 286, இரண்டடியில் 143, மூன்றடியில் 95. இந்தக் கணக்குப்படி 12 மெகாபிக்சல் போன் படமும் மூன்றடி தூரத்தில் 24×36-க்குத் தேறிவிடும்.

ஆனால் ஒன்று. இயற்கைக் காட்சியைத் தூர நின்று பார்ப்பார்கள். குடும்பப் படத்தை அப்படிப் பார்ப்பதே இல்லை. நம் வீட்டில் வந்தவர்கள் நேரே சுவருக்குப் போய், விரலை வைத்து ‘இது யாரு, மூத்தவரோட மருமகளா?’ என்று கேட்பார்கள். மூக்கு கண்ணாடியில் இடிக்கும். ஆகவே ஆட்கள் நிறைந்த படத்துக்கு 150-க்குக் கீழே போகாதீர்கள். பிச்சாவரத்தில் படகில் போகும்போது எடுத்த காட்சி என்றால் 100 போதும். எண் குறைவாக வந்தால் சைஸைக் குறைப்பதுதான் நேர்மையான வழி. 16×24-ல் பளிச்சென்று இருப்பது 24×36-ல் மங்கலாக இருப்பதைவிட மேல்.

‘இந்த ஃபைல் 72 டிபிஐ தான் இருக்கு, பிரிண்ட்டுக்கு ஆகாது’ என்று கடையில் சொன்னால் பயப்படாதீர்கள். அது ஃபைலுக்குள் ஒட்டியிருக்கும் வெறும் சீட்டு. 6000 பிக்சல் எங்கும் போய்விடவில்லை. போட்டோஷாப்பில் இமேஜ் சைஸ் திறந்து, ‘ரீசாம்பிள்’ டிக்கை எடுத்துவிட்டு, அகலத்தில் 36 இன்ச் என்று போட்டால் சீட்டு தானாக மாறிவிடும். அந்த டிக்கை எடுக்காமல் எண்ணை மாற்றினால்தான் ஆபத்து, பிக்சல்களின் எண்ணிக்கையே மாறிவிடும்.

இப்போதைய போன்களில் 50, 108, 200 மெகாபிக்சல் என்று எழுதியிருக்கும். சாதாரணமாக எடுத்தால் பல பிக்சலை ஒன்றாகச் சேர்த்து, பெரும்பாலும் 12 மெகாபிக்சல் அளவில்தான் சேமிக்கும். பெரிய பிரிண்ட் போடுவோம் என்று முன்பே தெரிந்தால், நல்ல வெயில் வெளிச்சத்தில் முழு ரெசல்யூஷன் மோடில் ஒரு படம் தனியாக எடுத்து வையுங்கள். விரலால் ஜூம் செய்து எடுக்காதீர்கள், நாலடி முன்னால் நடந்து போய் எடுங்கள்.

5. வெட்டுங்கள், ஓரத்தை விட்டுவையுங்கள்

கிராப் கருவியில் விகிதத்தை, உதாரணமாக 3:2 என்று, பூட்டிவிட்டு நீங்களே வெட்டுங்கள். கடையில் விட்டால் நடுவை வைத்து இரண்டு பக்கமும் சமமாக வெட்டிவிடுவார்கள், யார் தலை போகிறது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

ஃபிரேமின் விளிம்பு சுற்றிலும் கால் இன்ச் மறைக்கும். ஆகவே ஓரத்தில் இருப்பவரின் தோளுக்கும் படத்தின் விளிம்புக்கும் நடுவில் பிரிண்ட் அளவில் ஒரு இன்ச்சாவது இடம் இருக்கட்டும். கேன்வாஸில் போட்டு மரச்சட்டத்தைச் சுற்றி மடிப்பதாக இருந்தால் பக்கத்துக்கு இரண்டு இன்ச் கூடுதலாக வேண்டும். 24×36 கேன்வாஸுக்கு ஃபைல் 28×40 இருக்க வேண்டும் என்று அர்த்தம். ஆட்கள் விளிம்பு வரை நிற்கும் படத்துக்குக் கேன்வாஸே வேண்டாம் என்பேன். யாராவது ஒருவர் சட்டத்தின் பக்கவாட்டுக்குப் போய்விடுவார்.

வெட்டிய பிறகு படத்தை 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கி, இடமிருந்து வலமாக, மேலிருந்து கீழாக, வயல் உழுவது மாதிரி ஒரு முறை பார்த்துவிடுங்கள். போனில் தெரியாதது அப்போது தெரியும். எங்கள் படத்தில் அம்மா கையிலிருந்த வெள்ளிச் செம்பின் அடியில் கடை விலை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. பின்னால் தூணோரம் பச்சைப் பிளாஸ்டிக் குடம். வானத்தில் இரண்டு சாம்பல் நிறப் பொட்டு, கேமரா சென்சார் தூசி. ‘ஹீலிங் பிரஷ்’ வைத்து பதினைந்து நிமிடத்தில் எல்லாம் போயிற்று. குடத்தை மட்டும் விட்டுவிட்டேன்.

6. திரையை நம்பாதீர்கள்: வெளிச்சமும் நிறமும்

‘கம்ப்யூட்டர்ல பளிச்சுனு இருந்துச்சு, பிரிண்ட் இருட்டா வந்துருச்சு’ என்பது எல்லோரும் சொல்லும் புகார். காரணம் எளிது. திரை தானே ஒளி விடுகிறது, தாள் அறையின் வெளிச்சத்தைத் திருப்பித் தருகிறது. போனையும் லேப்டாப்பையும் முழு வெளிச்சத்தில் வைத்துத் திருத்தினால் நிழலில் இருப்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும், தாளில் அது கறுப்பாகப் போய்விடும்.

திரையின் வெளிச்சத்தையும் நிறத்தையும் அளந்து சரிசெய்யும் கலர் கேலிப்ரேட்டர் கருவி வைத்திருப்பவர்கள் திரை வெளிச்சத்தைச் சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டெலாவுக்குள் வைப்பார்கள். அது இல்லாவிட்டால் ஒரு வழி இருக்கிறது. திரையில் வெறும் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறங்கள். பக்கத்தில் ஒரு ஏ4 வெள்ளைத் தாளைப் பிடியுங்கள். அறை வெளிச்சத்தில் தாள் எவ்வளவு வெள்ளையாக இருக்கிறதோ அந்த அளவுக்குத் திரையின் வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். என் லேப்டாப்பில் அது பாதிக்கும் கீழே வந்து நின்றது. ‘நைட் லைட்’ போன்ற மஞ்சளாக்கும் வசதிகளை அணைத்துவிடுங்கள். இப்போது படத்தைப் பார்த்தால் இருட்டாக இருக்கிறதா? அதுதான் பிரிண்டில் வரப்போவது. நிழல் பகுதிகளை இப்போது தூக்குங்கள், முகங்களைக் கொஞ்சம் தெளிவாக்குங்கள். வெள்ளை வேட்டியின் மடிப்புகள் மறையும் அளவுக்குப் போகாதீர்கள். வெளுத்துப்போன இடத்தில் மை விழாது, வெறும் தாள்தான் தெரியும்.

நிறத்துக்கு வருவோம். நம் விசேஷப் படங்களில் இருக்கும் அரக்கு, குங்குமச் சிவப்பு, மயில்கழுத்து நிறம் மூன்றும் பிரிண்டுக்குக் கஷ்டமானவை. திரை காட்டும் அளவு அடர்த்தியான நிறங்கள் சில, மையாலும் பேப்பராலும் காட்ட முடியாத எல்லைக்கு வெளியே இருக்கும். போட்டோவில் நன்றாக இருக்கட்டும் என்று ‘சாச்சுரேஷன்’ (நிற அடர்த்தி) ஏற்றினால் பட்டின் மடிப்பெல்லாம் சேர்ந்து ஒரே சிவப்புக் கட்டியாகிவிடும். சிவப்பை மட்டும் தேர்ந்தெடுத்துக் கொஞ்சம் குறைத்தேன், சேலையின் ஊடு நெசவு திரும்பி வந்தது. ஜரிகை பற்றி ஆசையை விட்டுவிடுங்கள். மெஷினில் தங்க மை கிடையாது, மஞ்சளும் பழுப்பும்தான் ஜரிகையாக நடிக்க வேண்டும். நெசவின் மேடு பள்ளம் தெளிவாக இருந்தால் கண் அதைத் தங்கமாக எடுத்துக்கொள்கிறது.

அடுத்தது ப்ரொஃபைல் சமாச்சாரம். சாதாரண லேபுக்கு எஸ்ஆர்ஜிபி போதும். கேமராவில் அடோபி ஆர்ஜிபி வைத்து எடுத்ததையோ, டிஸ்ப்ளே பி3 நிறவெளியில் இருக்கும் ஐபோன் படத்தையோ மாற்றாமல் கொடுத்தால், கடை மெஷின் அதை எஸ்ஆர்ஜிபி என்று நினைத்துக்கொண்டு போடும். நிறமெல்லாம் சோகையாக வரும். காப்பித்தூள் நிறத்துக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். போட்டோஷாப்பில் ‘கன்வர்ட் டு ப்ரொஃபைல்’ என்பதைப் பயன்படுத்துங்கள். பக்கத்திலேயே ‘அசைன் ப்ரொஃபைல்’ என்று ஒன்று இருக்கும், அதை அழுத்தினால் எண்கள் மாறாமல் நிறம் மட்டும் மாறிப்போகும். இரண்டையும் குழப்பிக்கொண்டு நான் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இழந்தேன்.

‘சிஎம்ஒய்கே பண்ணிக் கொண்டாங்க’ என்று பத்திரிகை அடிக்கிற இடத்தில் கேட்பார்கள். நிறத்தை நான்கு அச்சு மைகளாகப் பிரிக்கும் முறை அது, ஆஃப்செட் அச்சுக்கு. போட்டோ லேபுக்கும் நல்ல இங்க்ஜெட்டுக்கும் ஆர்ஜிபி-யாகவே கொடுங்கள்.

கடை ஐசிசி ப்ரொஃபைல் கொடுத்தால் யோகம். லைட்ரூமின் டெவலப் பகுதியில் எஸ் விசையை அழுத்தினால் சாஃப்ட் ப்ரூஃப் வரும். போட்டோஷாப்பில் வியூ மெனுவில் ப்ரூஃப் செட்டப் போய் அந்தப் ப்ரொஃபைலைத் தேர்ந்தெடுக்கலாம். இலவச மென்பொருள்களான கிம்ப், டார்க்டேபிள் இரண்டிலும் இந்த வசதி உண்டு. அந்தப் பேப்பரில் எப்படி வரும் என்று திரையிலேயே ஓரளவு காட்டிவிடும். பார்த்ததும் மனசு உடையும், அதற்குப் பிறகு திருத்துங்கள்.

7. பெரிதாக்குவது, ஷார்ப்பன் செய்வது

கணக்கில் 150-க்கு மேல் வந்தால் பெரிதாக்கவே வேண்டாம், மெஷின் பார்த்துக்கொள்ளும். குறைந்தால் ஒரே தடவையில், தேவையான சைஸுக்கு நேராகப் பெரிதாக்குங்கள். அடோபி கேமரா ராவில் ‘சூப்பர் ரெசல்யூஷன்’ இருக்கிறது, நீளம் அகலம் இரண்டையும் இரட்டிப்பாக்கும். ‘அப்ஸ்கேல்’ என்ற பெயரில் வரும் ஏஐ கருவிகளும் நிறைய. மலை, மரம், கோபுரச் சுதை போன்றவற்றில் நன்றாகத்தான் வேலை செய்கின்றன. முகத்தில்தான் வினை. என் வாட்ஸ்அப் படத்தை அப்படி ஒன்றில் போட்டுப் பார்த்தேன். சின்ன அத்தைக்கு வேறு யாருடைய பல் வரிசையோ வந்திருந்தது. மூக்குத்தி காணோம், தாத்தாவின் கண்ணாடிக்குள் யாரோ ஒரு இளைஞன் முழிக்கிறான். இல்லாத விவரத்தை அந்தக் கருவி கற்பனை செய்து நிரப்புகிறது. குடும்பப் படத்தில் அதைச் செய்யாதீர்கள்.

ஷார்ப்பன், அதாவது விளிம்புகளைக் கூர்மையாக்குவது, கடைசி வேலை. வெட்டி, திருத்தி, சைஸ் எல்லாம் முடிந்த பிறகுதான். போட்டோஷாப்பின் ‘அன்ஷார்ப் மாஸ்க்’கில் அமவுண்ட் 80 முதல் 120, ரேடியஸ் 1, த்ரெஷோல்டு 2 அல்லது 3 என்று தொடங்குங்கள். முகங்களின் ஓரத்தில் வெள்ளைக் கோடு தெரிந்தால் அதிகமாகிவிட்டது. பளபளப்பில்லாத மேட் பேப்பரும் கேன்வாஸும் கூர்மையைக் கொஞ்சம் விழுங்கும், அவற்றுக்குச் சற்றுக் கூடுதலாக வைக்கலாம். போன் படமாக இருந்தால் போனே ஏற்கெனவே ஷார்ப்பன் செய்திருக்கும், பெரும்பாலும் தொட வேண்டியதில்லை.

8. சேமிப்பதும் கொண்டுபோவதும்

ஒரிஜினலைத் தொடாதீர்கள். திருத்திய படத்தை லேயரோடு (திருத்தங்கள் தனித்தனி அடுக்காக இருக்கும்படி) ஒரு ஃபைலாக, கடைக்குக் கொடுப்பதை இன்னொரு ஃபைலாக வைத்துக்கொள்ளுங்கள். கடைக்கு ஜேபெக் என்றால் குவாலிட்டி போட்டோஷாப்பில் 12, சதவீதம் கேட்கும் மென்பொருளில் 95-க்கு மேல், ஒரே தடவை சேமிக்க வேண்டும். திறந்து, திருத்தி, மறுபடி மறுபடி ஜேபெக்காகவே சேமித்தால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் உதிரும். டிஃப் வாங்குகிற கடை என்றால் லேயர்களைச் சேர்த்து 8 பிட் டிஃப், 6000×4000 படத்துக்கு 70 எம்பி சொச்சம் வரும். ஐபோனின் ஹெச்இஐசி ஃபைலைப் பல கடைக் கணினிகள் திறக்காது, ஜேபெக்காக மாற்றிக் கொண்டுபோங்கள்.

ஃபைல் பெயரிலேயே சைஸ், பேப்பர், உங்கள் பெயர் மூன்றும் இருக்கட்டும். பென்டிரைவ் என்றால் காலியான ஒன்றில் அந்த ஒரு ஃபைலை மட்டும் போட்டுக் கொண்டுபோங்கள். லேப் கணினிகளில் ஊரில் உள்ள எல்லா பென்டிரைவும் ஏறி இறங்குகிறது, வைரஸோடு திரும்பி வரும். வீட்டுக்கு வந்ததும் ஃபார்மேட் செய்துவிடுங்கள்.

9. துண்டு டெஸ்ட்

இதை மட்டும் தாண்டிப் போகாதீர்கள். முழுப் படத்தையும் 4×6-ல் போட்டுப் பார்ப்பது நிறத்துக்கு உதவும், தெளிவுக்கு உதவாது. சின்ன சைஸில் எல்லாமே தெளிவாகத்தான் இருக்கும்.

6000×4000 ஃபைலிலிருந்து 2000×1333 பிக்சல் துண்டு ஒன்றை வெட்டுங்கள், சுருக்க வேண்டாம். அதை 8×12-ல் போடச் சொல்லுங்கள். 24×36 பிரிண்டின் ஒன்பதில் ஒரு பங்கு, அதே பெரிதில், உங்கள் கையில் இருக்கும். நான் அம்மா முகமும் சேலை மடிப்பும் வருகிற இடத்தை ஒன்றாக, இருட்டான ஓரத்தை இன்னொன்றாக வெட்டினேன். இரண்டுக்கும் சேர்த்து 120 ரூபாய்.

டெஸ்டும் கடைசிப் பிரிண்டும் ஒரே மெஷினில், ஒரே பேப்பரில் வர வேண்டும். மினிலேபில் டெஸ்ட் போட்டுவிட்டு இங்க்ஜெட்டில் பெரிய பிரிண்ட் எடுத்தால் அந்த டெஸ்டுக்கு அர்த்தமில்லை. கடைக்குள் டியூப்லைட்டில் பார்த்து முடிவு சொல்லாமல், வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டப்போகும் சுவரிலேயே செல்லோடேப்பால் ஒட்டுங்கள். பகலில் ஒரு முறை, ராத்திரி விளக்கு போட்ட பிறகு ஒரு முறை பாருங்கள். என் முதல் துண்டு பகலில் சரியாக இருந்தது, ராத்திரி முகங்கள் இருண்டுவிட்டன. வெளிச்சத்தைக் கொஞ்சம் ஏற்றி, இன்னொரு துண்டு போட்ட பிறகுதான் நிம்மதி.

10. ஆர்டர் சீட்டு, செலவு, நாள்

வாயால் சொல்வது கடையில் நிற்காது. சீட்டில் எழுதி வாங்குங்கள்: சைஸ், பேப்பரின் பெயர், கிளாசியா மேட்டா, ஒயிட் பார்டர் உண்டா இல்லையா, ‘கலர் கரெக்ஷன் வேண்டாம், கிராப் வேண்டாம்’. கரெக்ஷன் வேண்டாம் என்பதற்குக் கீழே கோடு போடச் சொல்லுங்கள். எழுதாவிட்டால் ஆபரேட்டர் பழக்க தோஷத்தில் வெளிச்சத்தை ஏற்றி எல்லோரையும் இரண்டு சுற்று சிவப்பாக்கிவிடுவார். எங்கள் வீட்டில் யாரும் அந்த நிறம் இல்லை. டெஸ்ட் துண்டையும் சீட்டோடு பின் அடித்துக் கொடுங்கள், ‘இது மாதிரி வரணும்’ என்று.

விலை சில இடங்களில் சதுர அடிக்கு, சில இடங்களில் சதுர இன்ச்சுக்குச் சொல்வார்கள். 24×36 என்பது 864 சதுர இன்ச், 6 சதுர அடி. கணக்கைக் கடையிலேயே போட்டுப் பாருங்கள். பிரிண்ட், மவுண்டிங், லேமினேஷன், ஃபிரேம், கண்ணாடி ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விலை கேளுங்கள். எனக்கு ஆனது: பிரிண்ட் 900, மவுண்ட் போர்டும் ஃபிரேமும் கண்ணாடியும் 2,100, டெஸ்ட் மூன்று துண்டுக்கு 180. ஊருக்கு ஊர், பேப்பருக்குப் பேப்பர் இது மாறும். பருத்தித் தாள், நெடுநாள் மங்காத ஆர்க்கைவல் மை என்று போனால் பிரிண்ட் மட்டுமே இதைப்போல் சில மடங்கு ஆகலாம்.

நம் ஊரில் பலரும் போடுவது பலகையில் ஒட்டிய லேமினேஷன். மலிவு, துடைக்கலாம், உடையாது. ஆனால் ஒட்டியது ஒட்டியதுதான், பிறகு பிரிக்க முடியாது. ஒட்டுவதற்கு முன் பிரிண்டை உங்கள் கண்ணில் காட்டச் சொல்லுங்கள். ஜன்னலுக்கு எதிர்ச் சுவர் என்றால் மேட் லேமினேஷன் போடுங்கள், கிளாசியில் ஜன்னல்தான் தெரியும். கண்ணாடி போடுவதாக இருந்தால் அது பிரிண்டைத் தொடாமல் இருக்க, நடுவில் மவுண்ட் போர்டு (பிரிண்டைச் சுற்றி வைக்கும் தடித்த அட்டை) இடைவெளி கட்டாயம். எங்கள் பக்கம் கடற்காற்று, ஈரம் அதிகம். கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட பழைய கல்யாணப் படங்கள் பல வீட்டில் இருக்கின்றன, பிரித்தால் முகம் கண்ணாடியோடு வந்துவிடும். இங்க்ஜெட் பிரிண்ட் என்றால் கண்ணாடிக்குள் வைக்கும் முன் ஒரு நாள் காய விடச் சொல்லுங்கள்.

நாள் கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். டெஸ்டுக்கும் திருத்துவதற்கும் நான்கைந்து நாள், பெரிய பிரிண்டுக்கு இரண்டு மூன்று நாள், வெளியூர் லேப் என்றால் பார்சலுக்கு இரண்டு நாள், ஃபிரேமுக்கு நான்கு நாள். இரண்டு வாரம் கையில் இருந்தால் பதற்றமில்லை. தை, வைகாசி, ஆவணி முகூர்த்தத்தில் லேபெல்லாம் கல்யாண ஆல்பத்தில் மூழ்கியிருக்கும். ஆடியிலோ மார்கழியிலோ கொடுத்துப் பாருங்கள், நாற்காலி போட்டு உட்காரவைத்துப் பேசுவார்கள்.

11. வாங்கும்போது

டேப்பைக் கையோடு கொண்டுபோய் அளந்து பாருங்கள். பிரிண்டை ஓரத்தில் பிடியுங்கள், நடுவில் விரல் படக்கூடாது. டெஸ்ட் துண்டை அதன் மேலேயே வைத்து நிறத்தை ஒப்பிடுங்கள். சாய்த்துப் பிடித்து, கோடு, கீறல், தூசிப் புள்ளி இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். இங்க்ஜெட்டில் மை அடைத்திருந்தால் பிரிண்டின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை மெல்லிய கோடு ஓடும், அதைக் கடையிலேயே காட்டினால் மாற்றிக் கொடுப்பார்கள். வீட்டுக்குப் போய்விட்டு வந்தால் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

குளியலறையை ஒட்டிய சுவரிலும் நேர் வெயில் விழும் சுவரிலும் மாட்டாதீர்கள். கடைசி ஃபைலை இரண்டு இடத்தில் பத்திரமாக வையுங்கள், பார்த்தவர்கள் எல்லோரும் ‘எனக்கும் ஒண்ணு’ என்பார்கள். பெரியப்பாவுக்கு 12×18 ஒன்று தனியாகப் போட்டுக் கொடுத்தேன்.

ஃபிரேம் போட்ட பிறகு 24×36 படம் 27×39 ஆகிவிடும். பைக்கில் பின்னால் ஒருவர் பிடித்துக்கொண்டு வருவது நடக்காது, காற்று தூக்கும். ஆட்டோ பிடித்து, பழைய போர்வை ஒன்று எடுத்துப் போங்கள், கண்ணாடிப் பக்கம் சீட்டைப் பார்த்திருக்கட்டும்.